போத்தனூர் பட்டறையும் புத்திப் பரீட்சையும்: 1928 ஆட்குறைப்பு பற்றிச் சில குறிப்புகள்

போத்தனூர் என்ற பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் வருவது பெரும்பாலும் ஒரு வேகனோடு சேர்ந்துதான். 1921 நவம்பரில் திரூரிலிருந்து அடைத்து அனுப்பப்பட்ட மாப்பிள்ளைக் கைதிகளின் வண்டியைப் போத்தனூரில் திறந்தபோது உள்ளே பிணங்கள் கிடந்தன. மொத்தம் 70 பேர் செத்துப்போனார்கள். அந்தக் கொடுமை மறக்கப்படவில்லை; மறக்கப்படவும் கூடாது. ஆனால் அதே ஊரில், ஏழு வருஷம் கழித்து நடந்த இன்னொரு விஷயத்தைப் போத்தனூர்க்காரர்களிடம் கேட்டால்கூட ‘அப்பிடீங்களா?’ என்றுதான் பதில் வருகிறது. பிணம் விழுந்தால் வரலாறு, வேலை போனால் செய்தி என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம் போலிருக்கிறது.

1928இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பட்டறைகளிலிருந்து 3,100 பேருக்கு மேல் வெளியேற்றத் திட்டமிட்டது. அதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் பெரிய போராட்டங்களில் ஒன்று. அதைப்பற்றி நம்மிடம் இருக்கும் எழுத்து பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சிங்காரவேலரின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயம். மற்றது, கட்சி வரலாறுகளில் ஒரு பத்தி. இரண்டிலும் ‘நாகப்பட்டினம், பொன்மலை, போத்தனூர்’ என்று ஒரு வரிசை வரும். போத்தனூர் அதில் ஒரு காற்புள்ளிக்குப் பிறகு வந்து, அதோடு காணாமல் போய்விடும்.

இதற்கு நாங்களும் காரணம். கோவைத் தொழிலாளர் வரலாறு என்றால் எங்களுக்குப் பஞ்சாலை வரலாறு. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரின் நினைவுநாளுக்குப் போய்த்தான் என் தலைமுறை அரசியல் பழகியது. சைசிங், ஸ்பின்னிங், சங்கு, ஷிப்டு இதெல்லாம்தான் எங்கள் சொற்கள். ரயில்வேக்காரர்கள் வேறு ஜாதி மாதிரி. குவார்ட்டர்ஸ், பாஸ், பென்ஷன். அவர்களுக்கும் ஒரு காலத்தில் மில்காரனுக்கு நடந்ததே நடந்தது என்பது எங்கள் கண்ணில் படவே இல்லை.

போத்தனூருக்கு எப்படிப் பட்டறை வந்தது என்பதில் விஷயத்தின் பாதி இருக்கிறது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன அகலப் பாதையைப் போட்டது மதராஸ் ரயில்வே. 1862இல் அது போத்தனூர் வழியாக பேப்பூர் வரை இணைந்தது. 1908இல் அந்தக் கம்பெனியின் பாதைகள் பிரிக்கப்பட்டபோது, ஜோலார்பேட்டைக்கு இந்தப் பக்கம் மங்களூர் வரையிலான பகுதி தென்னிந்திய ரயில்வேக்கு வந்து சேர்ந்தது. பிரதானமாக மீட்டர் பாதைக் கம்பெனியான அதற்குச் சொந்தப் பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. ஆக, மீட்டர் பாதை வண்டிகளுக்கு நாகை, அகலப் பாதை வண்டிகளுக்குப் போத்தனூர். இரண்டு பட்டறை, இரண்டு ஸ்டோர், இரண்டு மேனேஜர். இதை ஒன்றாக்கித் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் ஒரே பெரிய பட்டறையாகக் கட்டிவிட்டால் செலவு மிச்சம். லண்டனில் உட்கார்ந்திருந்த போர்டுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அதிக நேரம் ஆகியிருக்காது.

காலமும் தோதாக இருந்தது. 1922-23இல் இஞ்ச்கேப் கமிட்டி இந்திய அரசின் செலவுகளை வெட்டச் சொன்னது. ரயில்வே அதில் முக்கியமான இலக்கு. 1926இல் சர் வின்சென்ட் ரேவன் தலைமையில் ஒரு கமிட்டி அரசு ரயில்வே பட்டறைகளைப் பார்வையிட்டு, இவற்றை ஒழுங்குபடுத்தினால் இத்தனை ஆள் தேவையில்லை என்ற தர்க்கத்தை முன்வைத்தது. 1927இல் வங்காள நாக்பூர் ரயில்வேயின் கரக்பூர் பட்டறையில் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கதவடைப்பு. அடுத்த வருஷம் லில்லுவாவில் போராட்டம். தென்னிந்திய ரயில்வே இந்த வரிசையில் வந்தது. போத்தனூரில் ஒரு ஃபிட்டருக்கு வேலை போவதற்கான காரணம் அவர் கேள்வியே பட்டிராத கமிட்டிகளின் பக்கங்களில் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது.

இதுவரை இது எல்லா ஊருக்கும் பொதுவான கதை. தென்னிந்திய ரயில்வே இதில் சேர்த்த சரக்கு ஒன்று உண்டு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கத் தொழிலாளர்களுக்கு ஒரு தேர்வு வைப்பதாக அறிவித்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘இன்டெலிஜென்ஸ் டெஸ்ட்’ என்று பெயர் வழங்கியது. புத்திப் பரீட்சை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். எங்கள் மில் பேச்சில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்புவதைக் ‘கணக்கு முடிக்கிறது’ என்பார்கள். ‘அவனுக்குப் போன மாசமே கணக்கு முடிச்சுட்டாங்க’ என்று சொன்னால் போதும். இந்தச் சொல்லில் கொடுமை இருந்தாலும் ஒரு நேர்மையும் உண்டு. உனக்கும் எனக்கும் இடையில் ஒரு கணக்கு இருந்தது, அதை நான் மூடுகிறேன் என்று முதலாளி சொல்கிறான். மூடுகிறவன் அவன்தான். ஏன் மூடுகிறாய், எவ்வளவு பாக்கி, என் சர்வீஸுக்கு என்ன என்று திருப்பிக் கேட்பதற்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இடம் இருக்கிறது. கணக்கு என்று ஒன்று இருந்தால் அதைச் சரிபார்க்கவும் முடியுமல்லவா.

புத்திப் பரீட்சை இந்த இடத்தை அடைத்துவிடுகிறது. கம்பெனிக்கு 3,100 பேர் அதிகம் என்பது கம்பெனியின் கணக்கு. பாதையைப் பங்குபோட்டு வாங்கியது கம்பெனி, பட்டறையை இடம் மாற்றுவது கம்பெனி, லாபம் போவது லண்டனுக்கு. ஆனால் தேர்வு வைத்தவுடன் அந்த எண்ணிக்கை 3,100 தனித்தனி ஆட்களின் குறையாக மாறிவிடுகிறது. பல வருஷம் அரம் பிடித்தவன், பாய்லருக்கு ஒட்டுப் போட்டவன், ஒரு மேஜை முன்னால் நின்று தன் புத்தியை நிரூபிக்கவேண்டும். தேறாவிட்டால் கம்பெனி அவனை அனுப்பவில்லை. அவன் புத்திதான் அவனை அனுப்பியது. அவன் வீட்டில்கூட அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆட்குறைப்பு ஒரு பொருளாதார முடிவு என்பது மறைந்து அது ஒரு தகுதிப் பட்டியலாகிவிடுகிறது. தகுதி, திறமை என்ற சொல்லாடல் நம் சமூகத்தில் யாரை வெளியே நிறுத்தப் பயன்பட்டிருக்கிறது என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. இடஒதுக்கீட்டுக்கு எதிராக ‘மெரிட்’ பேசியவர்களுக்கு முன்னோடி தேடினால் ரயில்வே கம்பெனி ஏஜெண்டையும் அந்த வரிசையில் உட்கார வைக்கலாம்.

தொழிலாளர்கள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. ஆட்குறைப்பை நிறுத்து என்பதோடு தேர்வை ரத்துசெய் என்பதையும் சேர்த்துக் கேட்டார்கள். தேர்வு நியாயமாக நடக்கட்டும், எங்கள் ஆளையும் கமிட்டியில் போடு என்று கேட்கவில்லை. இன்றைக்குப் பல சங்கங்கள் அப்படித்தான் கேட்டிருக்கும்.

1928 ஜூன் கடைசியில் பட்டறைகளில் வேலை நின்றது, கம்பெனி கதவடைத்தது. ஜூலை மூன்றாவது வாரத்தில் அது பாதை நெடுகப் பொது வேலைநிறுத்தமாகப் பரவியது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, ரயில்கள் தடம் புரண்டன, சில இடங்களில் போலீஸ் சுட்டது. ஆகஸ்டில் எல்லாம் அடங்கிவிட்டது. சிங்காரவேலருக்கு அப்போது வயது 68. அவரும் முகுந்தலால் சர்க்காரும் மற்ற தலைவர்களும் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். இருவருக்கும் 10 ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, சிங்காரவேலர் 1930இல் வெளியே வந்தார். சங்கத்துக்கு இருந்த அங்கீகாரத்தைக் கம்பெனி ரத்துசெய்தது. ஈரோட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ‘குடிஅரசு’ தொழிலாளர் பக்கம் நின்று எழுதியது. பெரியாரும் சிங்காரவேலரும் 1930களில் சேர்ந்து வேலை செய்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேலைநிறுத்தத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இதில் அதிகாரம் செய்த வேலையைக் கவனியுங்கள். தண்டவாளம் பெயர்ந்த நிமிஷத்திலிருந்து விவகாரம் ‘ரயில் கவிழ்ப்பு’ ஆகிவிட்டது. கோர்ட்டில் விசாரிக்கப்பட்டது சதி. 3,100 பேரை எந்த உரிமையில் அனுப்பினாய் என்ற கேள்வியை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவில்லை. விசாரிக்கச் சட்டமும் இல்லை. வேலை என்பது அன்றைய சட்டத்தில் ஓர் ஒப்பந்தம். நோட்டீஸ் கொடுத்தால் முடிந்தது.

போராட்டத்துக்குள்ளேயும் ஒரு பிளவு இருந்தது. அதைப் பூசி மெழுகவேண்டியதில்லை. ரயில்வேயில் மேல்தட்டு வேலைகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் என்று நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. போத்தனூர் தெருக்களில் இன்றும் அந்தப் பிரிவினையின் தடம் தெரியும். பட்டறைக்காரன் வேலை போகிறது என்றால் அது தன் பிரச்சினை என்று வண்டி ஓட்டுகிறவன் நினைப்பதற்கு அந்த அமைப்பில் எந்தக் காரணமும் இல்லை. ரயிலை நிறுத்தாமல் ரயில்வேயை நிறுத்த முடியுமா? பட்டறையில் வேலை நின்றால் வண்டி ஒரு மாதம் ஓடும். ஓட்டுகிறவன் இறங்கினால் அன்றைக்கே நிற்கும்.

அடுத்த வருஷமே ஒரு சட்டம் வந்தது, 1929 தொழில் தகராறுச் சட்டம். பகத்சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டசபையில் குண்டு வீசியது இந்த மசோதாவை ஒட்டித்தான். ரயில்வே போன்ற பொதுப் பயன்பாட்டுத் துறைகளில் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்தினால் குற்றம் என்றது அது. ஆட்குறைப்பு பற்றி அதில் ஒரு உரிமையும் இல்லை. வேலையை நிறுத்தத் தொழிலாளி நோட்டீஸ் தரவேண்டும்; வேலையிலிருந்து நிறுத்த முதலாளி அனுமதி கேட்கவேண்டியதில்லை.

உரிமை என்று ஒன்று எழுத்தில் வர 1953 ஆகியது. அந்த வருஷம் அக்டோபர் 24 முதல் தொழில் தகராறுச் சட்டத்தில் லே-ஆஃப், ஆட்குறைப்பு பற்றிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஒரு மாத நோட்டீஸ், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு, கடைசியாக வந்தவன் முதலில் போகவேண்டும், திரும்ப ஆள் எடுத்தால் போனவனுக்கு முன்னுரிமை. அப்போது மத்திய தொழிலாளர் அமைச்சர் வி.வி.கிரி, 1927இல் வங்காள நாக்பூர் ரயில்வே தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கிய அதே ஆள். கரக்பூரிலிருந்து இந்தப் பிரிவுகளுக்கு நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் ‘கடைசியாக வந்தவன் முதலில்’ என்ற விதியைப் படிக்கும்போது எனக்குப் புத்திப் பரீட்சைதான் ஞாபகம் வருகிறது. சர்வீஸ் வருஷத்தை எண்ணினால் போதும், புத்தியை அளக்காதே என்பதுதானே அதன் பொருள்.

சட்டம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வே என்று ஒரு சின்ன கம்பெனி. அதுவும் லண்டனில் பதிவான கம்பெனிதான். 1954 ஜனவரி 1 முதல் அதை அரசு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நவம்பர் 11 அன்று எல்லாத் தொழிலாளருக்கும் நோட்டீஸ்: டிசம்பர் 31உடன் உங்கள் வேலை முடிகிறது. நஷ்டஈடு கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1956 நவம்பர் 27 அன்று தீர்ப்பு: ஆட்குறைப்பு என்றால் நடந்துகொண்டிருக்கும் தொழிலில் உபரி ஆட்களை நீக்குவது, தொழிலே கைமாறினால், மூடப்பட்டால், அது ஆட்குறைப்பு ஆகாது, ஆகவே நஷ்டஈடும் கிடையாது. நாலு பேர் போனால் நஷ்டஈடு, எல்லோரும் போனால் இல்லை! இந்தத் தீர்ப்பால் எழுந்த கூச்சலில் 1957இல் சட்டம் திருத்தப்பட்டது. கைமாற்றத்துக்கும் மூடலுக்கும் நஷ்டஈடு உண்டு என்று எழுதி, அதற்கு முன்தேதியிட்டு நடைமுறை கொடுத்தார்கள். எந்தத் தேதி? 1956 நவம்பர் 28. தீர்ப்புக்கு மறுநாள். வழக்காடிய பார்சி தொழிலாளர்கள் ஒரே நாளில் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

1928இல் தேர்வு என்ற சொல், 1956இல் மூடல் என்ற சொல். நடந்தது வேலைநீக்கம்தான், அதற்கு வைக்கும் பெயரில் உரிமை தங்குகிறது அல்லது நழுவுகிறது. இந்த வரலாற்றை எங்கே தொட்டாலும் இதுதான் கையில் தட்டுப்படுகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், பெரிய நிறுவனங்கள் அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு செய்யக்கூடாது என்று ஒரு அத்தியாயம் வந்தது. இடதுசாரிச் சங்கங்கள் இன்றுவரை காப்பாற்றப் போராடும் பாதுகாப்பு அது. யாருக்குப் பொருந்தும் என்று பார்த்தால் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம். போக்குவரத்து அதில் இல்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் வரையறையைப் புரட்டினால் ‘ரயில்வே ரன்னிங் ஷெட்’ தொழிற்சாலை ஆகாது என்று தனியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். பட்டறைக்காரன் கூரைக்கு அடியில் இருப்பதால் தொழிற்சாலைக்காரன். வண்டியோடு போகிறவன் ரோட்டில் இருப்பதால் இல்லை. 1984 ஆகஸ்டில் இந்தப் பாதுகாப்பு 300 பேரிலிருந்து 100 பேர் வேலைசெய்யும் இடங்களுக்கு இறங்கிவந்தது. அதே மாதத்தில், ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று ஒரு துணைப்பிரிவும் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. முன்னதைப் பற்றிக் கூட்டம் போட்டோம். பின்னது எத்தனை பேருக்குத் தெரிந்தது?

ரயில்வே அரசுக்கு வந்தபிறகு நிலைமை மாறியதா என்றால், 1974 மே மாத வேலைநிறுத்தத்தைப் பார்க்கவேண்டும். கம்பெனிக்காரன் குறைந்தபட்சம் ஒரு பரீட்சை வைக்கிறேன் என்றான். 1974இல் ஒழுங்குமுறை விதிகளின் 14(2)ஐப் பயன்படுத்தி விசாரணையே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்களை நீக்கினார்கள். ஜனதா ஆட்சி வந்துதான் அவர்கள் திரும்பினார்கள். 1985இல் துளசிராம் படேல் வழக்கில், விசாரணை சாத்தியமில்லை என்று அதிகாரி எழுதிவைத்தால் விசாரணை தேவையில்லை என்ற அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இப்போது ரயிலிலிருந்து இறங்கிப் பஸ்ஸுக்கு வருவோம். கொங்கு நாட்டில் போக்குவரத்துத் தொழிலாளி என்றால் இன்று அதிகமும் பஸ்காரர்தான். 50 பஸ்ஸுக்கு மேல் வைத்திருந்த முதலாளிகளின் வண்டிகளை எடுத்துக்கொள்ள 1971இல் சட்டம் வந்தது, பொள்ளாச்சி ஏ.பி.டி. போன்றவற்றின் பஸ்கள் அரசுக்கு வந்தன. 1972இல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம், பிறகு ஈரோட்டில் ஜீவா, உதகையில் பாரதியார். ஒரு கம்யூனிஸ்டின் பெயரில் பஸ் ஓடியதைப் பார்த்து நாங்கள் பூரித்துப்போனோம், சும்மா சொல்லக்கூடாது. வீரன் சுந்தரலிங்கம் பெயரை ஒரு கழகத்துக்கு வைத்ததும் ஏறமாட்டோம் என்று கிளம்பிய ஜாதி வெறியில், 1997இல் எல்லாப் பெயர்களும் அழிக்கப்பட்டன. அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

இந்தக் கழகங்கள் கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகள். அதில் வேலை செய்கிறவர் அரசு ஊழியர் அல்ல, தொழிலாளி. அவருக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல ஆயுதம் உண்டு: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று சொல்லும் 1981ஆம் ஆண்டுச் சட்டம். ரிசர்வ் டிரைவரும் கண்டக்டரும் நாள் கணக்கை டைரியில் குறித்து வைத்திருப்பார்கள். ‘இன்னும் நாப்பது டூட்டி பார்த்தாச்சுன்னா நானூத்தி எம்பது வந்துருமுங்க’ என்று ஒருவர் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னார். அந்த நாற்பது டூட்டியைக் கொடுப்பது யார் கையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். இங்கே பரீட்சை இல்லை, டூட்டிச் சீட்டு இருக்கிறது. சீட்டில் பேர் வராவிட்டால் யாரும் யாரையும் நீக்கியதாகாது.

வாளையாறு தாண்டினால் கேரளம். 2018 டிசம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் அங்கே கே.எஸ்.ஆர்.டி.சி. தற்காலிகக் கண்டக்டர்கள் 3,800 பேருக்கு மேல் ஒரே வீச்சில் வெளியே போனார்கள். பின்வாசல் நியமனம் என்பது அங்கே சொல்லப்பட்ட சொல். பி.எஸ்.சி. தேர்வு எழுதி வந்தவர்களுக்கு இடம் தரவேண்டும் என்பதும் நியாயமான வாதம்தான். தேர்வு எழுதாமல் வருஷக்கணக்கில் டிக்கெட் கொடுத்தவரின் உழைப்புக்கு என்ன பெயர் என்ற கேள்வி அப்படியே நின்றது. தெலங்கானாவில் 2019 அக்டோபரில் சுமார் 48,000 பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முதலமைச்சர் சந்திரசேகர ராவ் ஒரு புதிய சொல்லைக் கண்டுபிடித்தார்: அவர்கள் தங்களைத் தாங்களே நீக்கிக்கொண்டார்கள். 50 நாளுக்கு மேல் சம்பளமில்லாமல் கிடந்து, சிலர் உயிரையும் விட்டபிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். இங்கிலாந்தில் 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி 786 மாலுமிகளை ஒரு வீடியோவைப் போட்டு நீக்கியது. சங்கத்தைக் கலந்து பேசவேண்டும் என்ற சட்டத்தை மீறினோம், தெரிந்துதான் மீறினோம் என்று அதன் தலைவர் பாராளுமன்றக் கமிட்டி முன்னால் ஒப்புக்கொண்டார். எந்த வேஷமும் போடாமல் இப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், மீறினால் கட்டவேண்டியது பணம் மட்டும் என்பதுதான்.

நம் சங்கங்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். போனஸுக்கும் ஊதிய ஒப்பந்தத்துக்கும் நடந்த போராட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை; 2001 நவம்பரில் தமிழகப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஒரு அரசையே எதிர்த்து நின்றதைப் பார்த்தவன் நான். ஆனால் அந்தப் போராட்டங்களின் மையம் நிரந்தரத் தொழிலாளி. டைரியில் நாள் குறித்துக்கொண்டிருப்பவர் கோரிக்கைப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் வருவார், பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவார். 1928இல் வண்டி ஓட்டுகிறவனுக்கும் பட்டறைக்காரனுக்கும் நடுவில் இருந்த கோடு நிறத்தால் போடப்பட்டது. இந்தக் கோட்டை நாமே போட்டிருக்கிறோம்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. முன் அனுமதி தேவைப்படும் எண்ணிக்கை 100இலிருந்து மறுபடி 300 ஆனது. அந்த அத்தியாயம் இப்போதும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத்துக்குத்தான். குறித்த கால வேலை என்று ஒன்று முறைப்படி உள்ளே வந்திருக்கிறது. காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பு அல்ல. நஷ்டஈடு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 1953இல் இருந்த அதே 15. கூடவே புதிதாக ஒரு நிதி. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்காகவும் முதலாளி 15 நாள் சம்பளத்தை அதில் கட்டவேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் ஏறும். அந்தப் பணத்துக்குத் தொகுப்பில் ‘மறுதிறன் நிதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை போனவருக்குத் திறன் போதவில்லை என்று சட்டமே எடுத்துக்கொண்டிருக்கிறது. பொன்மலைக்குக் கொண்டுபோக ஆள் பொறுக்கியபோது கம்பெனி எடுத்துக்கொண்டதும் இதைத்தான்.